அக்கா நம்பிய மூக்கு

ஊரில் எல்லோரும் அவரை ஈறு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களை அவர் கீழ்த்தளத்தில் இருக்கும் வேறொரு டாக்டரிடம் தள்ளிவிடுவார். அவரைப் பொறுத்தவரை பல் என்பது ஈறு பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான். ஈறு தேய்ந்து இறங்கி, பல்லின் வேர் வெளியே எட்டிப் பார்க்கிற வாய்களில், மேல்வாய் அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதையை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிடுவார். மேலே புண் ஆறிவிடும், கீழே புது ஈறு பிடித்துவிடும். அவர் கை பட்டு ஒட்டாமல் போன சதை ரொம்பக் குறைவு. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இந்தக் கதை முடிவதற்குள் அது காணாமல் போய்விடும்.

அன்று காலை அவருடைய நாற்காலியில் சாய்ந்து கிடந்தது அவருடைய சொந்த அக்கா. வலது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“கையை எடுக்கா.”

“நீ மொதல்ல மாஸ்க்கைப் போடு.”

“போட்டுட்டேன், பாரு.”

“இன்னொண்ணு போடு. அந்தப் பொண்ணையும் ரெண்டு போடச் சொல்லு.”

அந்தப் பொண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கிளினிக்கில் இருந்த ஒரே நர்ஸ் அவள்தான். ஆனாலும் எல்லோரும் அவளை சீனியர் என்று கூப்பிடுவார்கள். அவளுக்குக் கீழே ஜூனியர் என்று ஒரு ஆள் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சீனியர் ஒன்றும் கேட்காமல் இன்னொரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள். டாக்டரும் மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அக்காவின் கை கீழே இறங்கியது.

அக்காவின் வாயில் நாற்றம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அக்கா நம்பமாட்டாள், கதையைக் கேட்கிறவர்களாவது நம்ப வேண்டும்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களின் முகத்துக்குக் கிட்டே குனிந்து, ஃபிரேமைக் காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, ஃபிரேமின் கால்களை லேசாகச் சூடு காட்டி வளைத்துக் கொடுக்கிற வேலை. முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. அக்காவுக்கு வாய் அதிகம், நல்ல அர்த்தத்தில். “இந்த ஃபிரேமைப் போட்டா நீங்க மேனேஜர், அதைப் போட்டா மேனேஜரோட மாமனார், எது வேணும் சொல்லுங்க” என்று சிரிக்க வைத்தே வியாபாரத்தை முடித்துவிடுவாள். ஒரு நாள் அவள் குனிந்தபோது ஒரு வாடிக்கையாளர் முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியிருக்கலாம். தும்மல் வந்திருக்கலாம். யார் கண்டது? அந்த ஆள் ஃபிரேமை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார். அக்கா வீட்டுக்கு வந்து பல் தேய்க்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து நிறுத்தவே இல்லை.

சாப்பிட்டால் தேய்ப்பாள். சாப்பிடாவிட்டால், வெறும் வயிற்றில் வாய் நாறும் என்று தேய்ப்பாள். யாராவது வருகிறார்கள் என்றால் தேய்ப்பாள், வந்தவர் போனதும் அவர் என்ன நினைத்திருப்பாரோ என்று தேய்ப்பாள். புது பிரஷ்ஷின் முடி இரண்டே நாளில் நாலா பக்கமும் விரிந்து பல்லிளிக்கும். வேலையை விட்டாள். பக்கத்து வீட்டோடு பேச்சை விட்டாள். பேசினாலும் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினாள்.

அக்காவின் கணவரை டாக்டர் மாமா என்று கூப்பிடுவார். நல்ல மனிதர். ஆனால் எப்போதோ வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மூக்கு செத்துப்போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். “உன் வாய் நாறவே இல்லடி” என்று அவர் ஆயிரம் தரம் சொல்லியும் என்ன பிரயோஜனம்? “உங்களுக்குச் சாக்கடையில தள்ளினாகூட சந்தனமாத்தான் இருக்கும்” என்று அக்கா அவர் வாயை அடைத்துவிடுவாள். அதில் நியாயமும் இருந்தது.

ஆக, உலகத்தில் அக்காவுக்கு நம்பிக்கையான மூக்கு ஒன்றுதான் பாக்கி, தம்பியின் மூக்கு. சின்ன வயதிலிருந்தே அவருக்கு மோப்ப சக்தி ஜாஸ்தி. அதைவிட முக்கியம், மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிற பழக்கம். அக்கா சமைத்த முதல் சமையலையே வாயில் வைத்துவிட்டு “த்தூ” என்று சொல்லி முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதனால்தான் நம்பினாள். வாரம் ஒரு முறை அவர் அக்கா வீட்டுக்குப் போவார். அக்கா அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, கிட்டே வந்து, முகத்துக்கு நேரே ஒரு தரம் ஊதுவாள்.

“ஒண்ணும் இல்லக்கா” என்பார்.

அக்கா அவர் புருவத்தை, மூக்கை, கண்ணைத் துருவித் துருவிப் பார்ப்பாள். நிஜம்தான் என்று தெரிந்ததும் அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கும். அன்று பொழுது சாயும் வரைக்கும் பிரஷ்ஷைத் தொடமாட்டாள். மறுநாள் பழையபடி ஆரம்பித்துவிடும். ஆனாலும் அந்த அரை நாள் நிம்மதியைக் கொடுக்க உலகத்தில் தன் ஒருவனால்தான் முடிகிறது என்பதில் டாக்டருக்கு ஒரு பக்கம் அழுகையும் ஒரு பக்கம் பெருமையுமாக இருக்கும்.

ஓயாமல் தேய்த்ததில் அக்காவின் கீழ் முன்பற்களுக்கு முன்னால் இருந்த ஈறு தேய்ந்தே போய்விட்டது. வேர்கள் நீளமாக, மஞ்சளாக வெளியே வந்துவிட்டன. இப்படியே விட்டால் பற்கள் ஆட ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்து டாக்டர் பயந்தது உண்மை. ஆனால் அவர் மண்டைக்குள் ஓடிய யோசனை வேறு. ஈறு ஒட்டுப் போட்டால் இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் பிரஷ்ஷே போகக்கூடாது. மருந்துத் தண்ணீரை வாயில் வைத்திருந்து மெதுவாகத் துப்ப வேண்டும், அவ்வளவுதான். அக்கா தேய்க்காமல் இருந்து, தேய்க்காத வாயை ஊதிக் காட்டி, அவர் ஒன்றும் இல்லை என்று சொல்லி, அதை அவள் நம்பிவிட்டால்? ஈறைத் தைக்கிற கையோடு மனசையும் தைத்துவிடலாம் என்று நினைத்தார். மனநல டாக்டரிடம் வா என்று தலைகீழாக நின்று கேட்டும் மசியாத அக்கா, இதற்கு மட்டும் ஒப்புக்கொண்டாள்.

“தேய்க்காம இருந்தும் நாறலன்னு நீ சொல்லிட்டா, நீ சொல்ற பைத்தியக்கார டாக்டர்கிட்டயும் வரேன். கடைக்கும் திரும்பிப் போறேன். போதுமா?”

“அவர் பைத்தியக்கார டாக்டர் இல்லக்கா.”

“எனக்கு வைத்தியம் பாக்க ஒத்துக்கிட்டவன் வேற எப்படி இருப்பான்?”

வெகுகாலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அக்கா கைக்குட்டைக்குள் சிரித்தாள்.

மரப்பு ஊசி போட்டார். சீனியர் கீழ் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முன்பற்களுக்குக் கீழே மெல்லிசான மேல்தோலை மட்டும் சீவி எடுத்து, புது சதை உட்காருவதற்குச் சிவப்பாக ஒரு படுக்கை தயார் செய்தார். அடுத்து, வெளியே தெரிந்த வேர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு இதில்தான் நேரம் பிடிக்கும். அக்காவின் வேர்களில் சுரண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமான வேர்களை அவர் வேறு எந்த வாயிலும் பார்த்ததில்லை. தையல் நூல் சுற்றி வருகிற தகட்டுக் காகிதத்தைப் படுக்கையின் அளவுக்குக் கத்தரித்து, சட்டைக்கு அளவெடுப்பது போல மேல்வாயில் வைத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், உள்ளே ஓடுகிற பெரிய ரத்தக்குழாய்க்கு எட்டாத இடமாகப் பார்த்து, சின்னப் பட்டையாகச் சதையை எடுத்தார். ரொம்ப மெல்லிசாக எடுத்தால் சுருங்கிவிடும். தடிமனாக எடுத்தால் மேலே வரைக்கும் ரத்தம் ஏறாது, செத்துவிடும். எடுத்ததன் அடியில் ஒட்டியிருந்த கொழுப்பை நறுக்கிவிட்டுப் படுக்கையில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிசான நூலால் மூலைக்கு மூலை இழுத்துத் தைத்தார்.

வெட்டி எடுத்த சதைக்குச் சொந்த ரத்தம் கிடையாது. முதல் சில நாள் அது அடியிலிருந்து கசிகிற நீரைக் குடித்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகுதான் கீழே இருக்கிற ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக வந்து அதைத் தொடும். அதற்குள் மயிரிழை அசைந்தாலும் போச்சு. அடியில் ரத்தம் கட்டினாலும் போச்சு. அதற்காக ஈரத் துணியை வைத்து விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். எப்போதும் சீனியர்தான் அதைச் செய்வாள். அன்று டாக்டரே பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

“போதும் டாக்டர்” என்றாள் சீனியர்.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.

மேல்வாயில் சதை எடுத்த இடம் திறந்த புண். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை மாட்டிவிட்டார். நாற்காலியை நிமிர்த்தி உட்காரவைத்து, நோயாளிகளிடம் வழக்கமாகச் சொல்கிறதையெல்லாம் சொன்னார். உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்கக்கூடாது, சூடாக எதுவும் கூடாது, முன்பற்களால் கடிக்கக்கூடாது. இதற்கு அடுத்து எல்லோரிடமும் அவர் சொல்கிற ஒன்று உண்டு: “ஒரு வாரம், பத்து நாளைக்கு வாயில ஒரு வாடை வரும். மேல்வாய்ப் புண்ணுல வெள்ளையா படலம் கட்டும், அதோட வாடைதான். புண்ணு ஆறுதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க.” யாரையும் விட்டதில்லை. சொல்லிச் சொல்லி அது மனப்பாடமாகிவிட்டது.

அக்காவிடம் அது வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

மறந்துவிட்டார் என்று நினைத்து சீனியர், “அப்புறம் ஒரு வாரத்துக்கு வாயில...” என்று எடுத்துக்கொடுத்தாள். டாக்டர் கண்ணால் அடக்கினார். வாடை என்ற சொல்லையே அக்கா முன்னால் எடுக்கக்கூடாது. எடுத்தால் அவள் இன்றைக்கே பிரஷ்ஷைத் தூக்கிவிடுவாள், இத்தனை பாடும் வீண் என்று நினைத்தார். ஒருவேளை வாடை லேசாக இருக்கும். ஒருவேளை அவள் ஊதிக் காட்டுகிற நாளுக்குள் அடங்கிப்போயிருக்கும். ஒருவேளை அவள் கேட்காமலேகூட விட்டுவிடுவாள். எத்தனை ஒருவேளை பாருங்கள். படித்த படிப்பு, செய்த தொழில் எல்லாம் சொந்த ரத்தம் என்று வரும்போது இப்படித்தான் காலை வாரிவிடும்.

அந்த வாரம் அக்கா தினமும் போன் செய்தாள்.

“தேய்க்கல தம்பி. கை சும்மா இருக்க மாட்டேங்குது. பாத்ரூம் பக்கம் போனாலே கை துறுதுறுங்குது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அதுமேல உக்காந்திருக்கேன்.”

“நல்லதுக்கா. அப்படியே இரு.”

“எனக்கு நாறுற மாதிரிதான் இருக்கு. ரொம்பவே நாறுது. ஆனா எனக்கு எப்பவும்தானே நாறுது. அதனால நான் என் மூக்கை நம்பப்போறதில்ல. நீ பாத்துச் சொல்லு, அது போதும்.”

அவளுக்கு நாறியது நிஜமான வாடை. வருஷக்கணக்கில் இல்லாத நாற்றத்தை நம்பியவள், இப்போது இருக்கிற நாற்றத்தை நம்பாமல் தன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், தம்பிக்காக. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவ்வளவு தூரம் தாக்குப்பிடித்துவிட்டாளே, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று விழுங்கிவிட்டார்.

மாமாவும் ஒரு நாள் போனில் வந்தார். “மச்சான், உங்க அக்கா நேத்து மாடிப்படியில நின்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட பேசினா. கைக்குட்டை இருந்துச்சுதான். ஆனா பேசினா.” டாக்டர் அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தார்.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க அக்கா வந்தாள். நாற்காலியில் ஏறிப் படுத்தாள். டாக்டர் கீழ் உதட்டை மெதுவாக விலக்கிப் பார்த்தார். ஒட்டியிருந்தது. மேலே வெள்ளையாக ஒரு தோல் உரிந்துகொண்டிருந்தது, அப்படித்தான் உரியும். அதற்கு அடியில் ரோஜா நிறத்தில் சதை உயிரோடு இருந்தது. விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார், அசையவில்லை. இத்தனை நாள் தொழிலில் அவர் கை செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று.

“பிடிச்சிடுச்சுக்கா. அருமையா பிடிச்சிடுச்சு.”

“அதை விடு. மாஸ்க்கைக் கழட்டு.”

“தையலைப் பிரிச்சிட்டு...”

“கழட்டு தம்பி. ஒரு வாரமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

இரண்டு மாஸ்க்கையும் கழற்றினார். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். அக்கா எழுந்து உட்கார்ந்து, மேல்வாய்த் தகட்டை எடுத்து சீனியரிடம் கொடுத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே ஊதினாள்.

பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. எத்தனையோ வாய்களில் மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து அறிந்த வாடைதான். ஆனால் இன்று நடுவில் துணி இல்லை. மனசு தயாராக இருந்தது, மூக்கு தயாராக இல்லை. நாசி சுருங்கியது. தலை ஒரு நகக்கண் அளவுக்குப் பின்னால் போனது. உடனே இழுத்துப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

“ஒண்ணும் இல்லக்கா.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் துருவித் துருவிப் பார்ப்பாள். இன்று அவ்வளவு நேரம் பார்க்கத் தேவைப்படவில்லை.

“சரி” என்றாள். கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. “தையலைப் பிரி.”

பிரித்தார். சீனியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் சொல்லியிருக்கலாம்: அக்கா, இது புண்ணு வாடை, எல்லாருக்கும் வரும். ஆனால் முன்னாடியே சொல்லாததை இப்போது சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும். பொய் வேறு சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம் புண் ஆறிவிடும், வாடை போய்விடும், இன்னொரு தரம் ஊதச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அக்கா போகும்போது சீனியருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மாமா போன் செய்தார்.

“மச்சான், பாத்ரூம்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க வந்துடுங்க.”

அவர் போய்ச் சேர்ந்தபோது பாத்ரூம் கதவு தாழிடாமல்தான் இருந்தது, மாமா தள்ளிப் பார்க்கப் பயந்துபோய் வெளியே நின்றிருந்தார். அக்கா பாத்ரூம் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மோவாயிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. துவைக்கிற பிரஷ் ஒன்று, பல் பிரஷ் இல்லை, துணி துவைக்கிற பிரஷ், வாஷ்பேசினுக்குள் கிடந்தது. குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. வடிகட்டியில் சின்னதாக, வெளுத்து, ஒரு பட்டை மாட்டிக்கொண்டிருந்தது. அதன் அளவு அவருக்கு நன்றாகத் தெரியும். தகட்டுக் காகிதத்தை அந்த அளவுக்குக் கத்தரித்தவரே அவர்தானே. ஒரு வாரம் வேர் பிடித்த சதையைப் பிய்த்து எடுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

முதலில் ரத்தத்தை நிறுத்தினார். மேல்வாய்ப் புண்ணையும் தேய்த்திருந்தாள். துணியைச் சுருட்டி வைத்து விரலால் அழுத்திக்கொண்டே அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் விரல் வாய்க்குள் இருந்ததால் அக்காவால் பேச முடியவில்லை. மூச்சு அவர்மேல் படாமல் முகத்தை மட்டும் திருப்பப் பார்த்தாள். ரத்தம் நின்றதும் கூடத்துக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். தானும் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, நேத்து வாடை இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அது புண்ணோட வாடைக்கா. இந்த ஆபரேஷன் செஞ்ச எல்லாருக்கும் வரும். எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுவேன். உன்கிட்ட மட்டும் சொல்லல, பயந்துடுவியேன்னு. ஆனா அதுக்கு முன்னாடி இருந்ததே இல்ல. ஒரு நாள்கூட இல்ல.”

அக்கா துண்டால் வாயை மூடியபடி முழுசையும் கேட்டாள். கோபப்படவில்லை. அவள் கண்ணில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

“எத்தனை வருஷமா தம்பி...” என்றாள்.

“என்னக்கா எத்தனை வருஷமா?”

“பாவம்டா நீ. வாரா வாரம் வந்து, இந்த நாத்தத்தை மூஞ்சியில வாங்கிக்கிட்டு, சிரிச்ச முகமா போயிருக்க. பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது.”

“இல்லக்கா. நேத்து ஒரு நாள் மட்டும்தான் பொய். என் மேல சத்தியமா.”

“நேத்தும் இதே மாதிரிதான் சொன்ன. இதே ‘ஒண்ணும் இல்லக்கா’தான். நேத்து மட்டும் உன் மூக்கு உன்னைக் காட்டிக்கொடுத்துடுச்சு. அதுவும் எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்?”

“சீனியரைக் கேளுக்கா. போன் போட்டுத் தரேன்.”

“அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணு. நீ சொல்லச் சொன்னதைச் சொல்லும்.” அக்கா தன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விழுந்தது. “நான் உன்னைக் குத்தம் சொல்லல. உன்னைப் போல ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்? எனக்காக இவ்வளவு சகிச்சுக்கிட்டியே. இனிமே உனக்கு அந்தக் கஷ்டம் வேணாம்.”

மனநல டாக்டரைப் பற்றி அவர் ஆரம்பித்தார். அக்கா தலையை ஆட்டினாள். “நாறுற வாய்க்குப் பல் டாக்டரைத்தானே பாக்கணும். பாத்தாச்சே.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையை இதற்குமேல் எந்தப் பக்கமிருந்து எடுத்துச் சொன்னாலும் அது அன்பாகவும் பொய்யாகவும்தான் அவள் காதில் விழும் என்று அவருக்கு அப்போது விளங்கியது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதார். மாமா பக்கத்தில் வந்து நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், அவர் செருப்பை எடுத்து நேராக வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா அவரை நேரில் பார்க்கவில்லை. அவர் போனால் மாமாதான் கதவைத் திறப்பார். “படுத்திருக்கா மச்சான்” என்பார், முகத்தைப் பார்க்காமல். உள் அறைக் கதவு சாத்தியிருக்கும். மனநல டாக்டரையே ஒரு முறை கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மூடிய கதவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, கட்டாயப்படுத்த முடியாது, அவங்களா வரணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் போனில் அக்கா ஆளே வேறு. பழைய கண்ணாடிக் கடை அக்கா திரும்பி வந்துவிட்டாள். மாமாவைக் கிண்டல் செய்வாள், பக்கத்து வீட்டம்மாவைப் போலப் பேசிக் காட்டுவாள், டாக்டரின் மனைவியிடம் அரை மணி நேரம் வம்பளப்பாள். “போன்லதான் தம்பி நிம்மதியா வாயைத் திறக்க முடியுது. கண்டுபிடிச்சவன் எவனோ, அவன் நல்லா இருக்கணும்” என்பாள். டாக்டரும் சிரிப்பார். ஈறு எப்படி இருக்கு என்று கேட்டால், “அது இருக்கு அது பாட்டுக்கு” என்று பேச்சை மாற்றிவிடுவாள். பேசி முடித்ததும் அவள் எங்கே போவாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பேச்சை முடிக்க மனம் வராமல், ஒன்றுமில்லாத விஷயத்தையெல்லாம் இழுத்துக்கொண்டிருப்பார்.

கிளினிக்கில் இப்போது கத்தியை எடுப்பதற்கு முன்னாலேயே நோயாளிகளிடம் வாடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறார். ஒரு தரம் சொல்லி, மறுபடியும் சொல்லி, புரிந்ததா என்று வேறு கேட்கிறார். மிரண்டுபோய் எழுந்து போனவர்களும் உண்டு. அப்படிப் போகிறவர்களை அவர் தடுப்பதில்லை.

ஒரு மத்தியானம், ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்கு முன்னால், அக்காவிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, சாப்ட்டியா?” என்றாள்.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தம்பி என்பதில் முதல் எழுத்து எழுத்தாகவே வரவில்லை, காற்றாக வந்தது. நாக்கு நுனி மேல் முன்பற்களின் பின்னால் முட்டினால்தான் அந்த ஒலி வரும். முட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இந்தக் குரலை அவர் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார்.

“அக்கா, எங்க போய்ப் பிடுங்கின?”

“கண்டுபிடிச்சிட்டியா?” அக்கா சிரித்தாள். “உன் காதும் உன் மூக்கு மாதிரிதான். மேல, கீழ, எல்லாத்தையும் எடுத்தாச்சு. வெளியூர்ல ஒரு டாக்டர். கேட்டதைச் செஞ்சு கொடுத்துட்டார், உன்னை மாதிரி பாடம் நடத்தல. மாமா அழுதுக்கிட்டேதான் கூட்டிட்டுப் போனார். பல்லு இருந்தாத்தானே நாறும், என்ன சொல்ற?”

மேல் பற்கள் அத்தனையும் கல்லைப் போன்றவை. அவர் பார்த்திருக்கிறார். சீனியர் அடுத்த நோயாளியைக் கூப்பிடலாமா என்று கதவருகில் வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவர், திட்டவில்லை. பல் போனால் போகட்டும், கட்டிக்கொள்ளலாம். இதோடு அவளுக்கு விட்டதென்றால் அதுவே போதும். வெட்கத்தை விட்டு அந்த ஒரு ஆசையோடு கேட்டார்.

“இப்ப போயிடுச்சாக்கா?”

சிரிப்பெல்லாம் வடிந்த குரலில் அக்கா சொன்னாள்.

“இல்ல தம்பி. அப்படியேதான் இருக்கு.”

சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை அவள் நம்பிய காலம் போய்விட்டது.

“தம்பி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்கா” என்றார்.